யானை வாங்கி அங்குசத்திற்கு அழுவோர்

பழைய சொகுசு மோட்டார் வண்டியைப் பற்றி இவ்வேட்டில் எழுதுவானேன் என்று நேயர்களிற் சிலர் முகஞ் சுளிக்கக் கூடும். உழைப்போர் துயரும், பிள்ளைகளின் படிப்பும், சங்கங்களின் சச்சரவும் எழுதுவதற்குக் காத்துக் கிடக்கையில், பணம் படைத்தோரின் விளையாட்டுப் பொருளுக்கு இத்தனை பத்திகளை ஒதுக்குவது தகுமோ என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானதே. ஆயினும் அவ்விளையாட்டுப் பொருள் செல்வர் வீட்டுக் கூடத்தில் நிற்கும் பொம்மையன்று. நாமும் நம் குழந்தைகளும் நடந்து செல்லும் சாலையில் ஓடுவது. அதன் எடை ஏறக்குறைய ஒன்றே முக்கால் டன். அதன் அடியிற் படுத்து, எண்ணெய் முகத்தில் வடிய, கை காய்த்துப் பாடுபடுகிறவனோ நம்மவன். ஆகவே இது நம் விஷயமே என்று கொண்டு எழுதத் துணிந்தோம்.

சென்ற திங்கள் ஈப்போவில் ஒரு திருமண விருந்திற்குச் சென்றிருந்தோம். பந்தியில் நமக்கு எதிரே வாணிகத்தில் முன்னேறிய அன்பர் ஒருவர் அமர்ந்திருந்தார். பெயர் வேண்டா, அவரைப் போன்றோர் ஊருக்குப் பத்துப் பேர் உளர். அவர் 1986-ஆம் ஆண்டு ஜாகுவார் எக்ஸ்.ஜே.எஸ். ஒன்றை, பன்னிரண்டு சிலிண்டர் இயந்திரமுடையதை, வாங்கி வைத்திருந்தார். புதிய சிறு மோட்டார் வண்டியின் விலையினும் குறைந்த விலைக்குக் கிடைத்ததென்று முன்னர் ஊரெல்லாம் சொல்லி மகிழ்ந்தவர், அன்றைய தினம் வேறு பாட்டுப் பாடினார். வெள்ளைக்காரன் செய்த வண்டி வெறுங் குப்பை என்றார். பட்டறைக்காரர்கள் அத்தனை பேரும் பகற்கொள்ளைக்காரர் என்றார். கேமரன் மலையிலிருந்து தாப்பாவுக்கு இறங்கும் பாதையிலே, மனைவியும் இரு மக்களும் உள்ளே இருக்க, பிரேக் கைவிட்டதாகவும், மலைப் பக்கத்துச் சாக்கடையில் சக்கரத்தை இறக்கி உயிர் தப்பியதாகவும் சொல்லிச் சிரித்தார். சுற்றியிருந்தோரும் சிரித்தனர். நமக்குச் சிரிப்பு வரவில்லை. மறு நாள் காலையில் அவ்வண்டி கிடக்கும் பட்டறையை விசாரித்துக்கொண்டு போய்ப் பார்த்தோம். பார்த்ததன் பயனே இக்கட்டுரை.

முதலாவது, குப்பை என்று அவர் இகழ்ந்த பொருள் யாதென்று அறிய வேண்டும். இங்கிலாந்தின் கவெண்ட்ரி நகரத்துத் தொழிலாளர் செய்த ஜாகுவார் வண்டிகள் நம் நாட்டிற்குப் புதியனவல்ல. 1961 மார்ச்சில் ஜெனீவாக் கண்காட்சியில் இ-டைப் என்னும் வண்டி முதன்முதல் காட்டப்பட்டது. மறு ஆண்டே, 1962-இல், சிங்கப்பூர்த் தாம்சன் சாலைப் பந்தயத்தில் யோங் நம் கீ என்பார் அவ்வகை வண்டியையே ஓட்டி முதற் பரிசு பெற்றார். அவ்வண்டிக்கு 1971-இல் ஒரு புதிய இயந்திரம் பொருத்தப்பட்டது. வால்ட்டர் ஹாசன், ஹாரி மண்டி என்னும் இரு பொறியாளர் தலைமையில் உருவான அவ்வியந்திரத்திற்குப் பன்னிரண்டு சிலிண்டர், 5.3 லிட்டர் கொள்ளளவு; உடலும் தலையும் அலுமினியம். இரவில் அது மெதுவாக ஓடுகையில் அருகில் நிற்பவனுக்கே ஓடுகிறதா நிற்கிறதா என்று ஐயம் தோன்றும். அந்த இயந்திரத்தையே தாங்கி 1975 செப்டம்பரில் வெளிவந்தது எக்ஸ்.ஜே.எஸ். 1996 வரை 115,000-க்கு மேற்பட்ட வண்டிகள் செய்யப்பட்டன. மணிக்கு 240 கிலோமீட்டர் அளவில் ஓடக்கூடிய வண்டியில், வீட்டு நாற்காலியில் இருப்பது போல் இருந்து செல்லலாம். குப்பைக்கு இவ்வளவு காலம் வாழ்வு கிடைப்பதில்லை.

குறையே இல்லையா என்றால், உண்டு. அதை நாம் மறைக்கப் போவதில்லை. ஜாகுவார் 1968 முதல் 1984 வரை பிரிட்டிஷ் லேலண்ட் என்னும் பெருங் கூட்டத்தில் அகப்பட்டுக் கிடந்தது. அக்காலத்து வண்டிகளில் மின் இணைப்பும் வண்ணப் பூச்சும் உதிரி உறுப்புக்களும் ஒழுங்கற்றிருந்தன என்பது உலகறிந்த செய்தி. 1980-இல் ஜான் ஈகன் தலைமை ஏற்ற பிறகே நிலைமை திருந்தலாயிற்று. பின் பிரேக்குகளைச் சக்கரத்தருகே வையாமல், வண்டியின் நடுவில், டிபரன்சியல் பெட்டியின் இரு பக்கத்தும் ஒட்டி வைத்தார்களே, அந்த ஏற்பாட்டை நாமும் மெச்சவில்லை. சக்கரத்தின் பாரம் குறைந்து வண்டி மிருதுவாகச் செல்லும் என்பது அவர்கள் கணக்கு. கணக்குச் சரிதான், ஆனால் பிரேக்கின் சூடு முழுதும் அந்தப் பெட்டிக்கே போய்ச் சேருகிறது. பழுது பார்ப்பவனைப் பற்றி அக்கணக்கில் ஒரு வரியும் எழுதப்படவில்லை. 1961-இல் இ-டைப்பில் தொடங்கிய அவ்வேற்பாட்டை எக்ஸ்.ஜே.எஸ். வண்டியில் மாற்றுவதற்கு முப்பது ஆண்டிற்கு மேல் சென்றது. இது செய்தவரின் பிடிவாதமே.

ஆயினும் செய்தவரின் குறை வேறு, வைத்திருப்பவரின் குறை வேறு. நம் அன்பர் முதலாவதன் மறைவில் இரண்டாவதை ஒளிக்கிறார்.

அவருடைய மயக்கம் எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். வண்டியின் விலை விழுந்ததே, அதனோடு வண்டியின் செலவும் விழுந்தது என்று எண்ணிக்கொண்டார். சந்தையில் விழுவது விற்கும் விலை ஒன்றே. பன்னிரண்டு சிலிண்டருக்கும் பன்னிரண்டு பிளக் வேண்டும். வண்டி பழையதாயிற்று என்பதால் ஆறு போதுமென்று இயந்திரம் இணங்குமா? முன்புறத்துப் பிளக்குகள் இரண்டைக் கழற்ற வேண்டுமானால் குளிர்சாதனத்தின் அமுக்கியின் அடியில் கையை நுழைக்க வேண்டும். புதிதாக விற்ற நாளிலும் அப்படியே, இன்றும் அப்படியே. எண்ணெய் ஏறக்குறைய 10 லிட்டர். குளிர்நீர் ஏறக்குறைய 20 லிட்டர். நூறு கிலோமீட்டருக்குப் பெட்ரோலும் நகரத்தில் ஏறக்குறைய அவ்வளவே குடிக்கும். பெருஞ் செல்வர்க்கென்று செய்யப்பட்ட வண்டி, அச்செல்வர் விற்றுச் சென்ற பின்னும் பெருஞ் செல்வரின் செலவையே கேட்கும். ஏழைக்கு இரங்கித் தன் பசியைக் குறைத்துக்கொள்ளும் குணம் இரும்புக்கு இல்லை. யானையின் விலை மலிந்தது என்று ஓடிப் போய் வாங்கியவர், வீடு வந்ததும் அங்குசத்திற்கு அழுகிறார், கரும்பிற்கு அழுகிறார், பாகன் கூலிக்கோ ஊரைக் கூட்டி ஒப்பாரியே வைக்கிறார்.

அப்பட்டறையின் மூத்த தொழிலாளி நமக்குக் காட்டியவற்றை இனிக் கூறுவோம். அவருக்கு அறுபது வயதிற்கு மேல் இருக்கும். பதினாறு வயதில் ஓர் ஆங்கில வண்டிப் பட்டறையில் கை உதவியாளாகச் சேர்ந்தவராம். முதலில் அவர் எடுத்துக் காட்டியது விரல் நீள ரப்பர்க் குழாய் ஒன்று. இயந்திரத்தின் இரு வரிசைச் சிலிண்டர்களுக்கும் இடையே ஒரு பள்ளம் இருக்கிறது. பெட்ரோலைத் தெளிக்கும் பன்னிரண்டு குழல்களுக்கும் செல்லும் சிறு குழாய்கள் அங்கேதான் இருக்கின்றன. வண்டியை நிறுத்திய பிறகும் அப்பள்ளத்தில் வெப்பம் நெடுநேரம் தங்கும். ஆண்டுக்கணக்கில் வெந்து வெந்து அந்த ரப்பர் கல்லாகி, பின்பு வெடிக்கும். வெடித்தால் பெட்ரோல் கசிவது சூடான இயந்திரத்தின் மீது. அவர் கையிலிருந்த குழாயை நாம் சற்றே வளைத்தோம்; விறகுச் சுள்ளி போல் முறிந்தது. "இதை மாற்ற வேண்டும் என்று ஐயாவிடம் ஆறு மாதத்துக்கு முன்பே சொன்னேன். கசியவில்லையே, பிறகு பார்க்கலாம் என்றார்" என்றார் அவர்.

குளிர்நீரின் கதையும் இதுவே. அலுமினியத் தலையுடைய அந்த இயந்திரம் ஒரு முறை அளவுக்கு மேல் சூடேறினால், வால்வு அமரும் வளையங்கள் கழன்று விழக் கூடும். விழுந்தால் இயந்திரம் போயிற்று. அதற்குக் காப்பு என்ன? உரிய கலவையைக் காலத்தில் மாற்றுவதும், உள்ளே காற்றுத் தங்காமல் நிரப்புவதும், ரேடியேட்டருக்கும் அதன் முன்னுள்ள குளிர்சாதனச் சட்டத்திற்கும் இடையில் சேரும் இலைச் சருகையும் பூச்சிகளையும் அகற்றுவதுமே. அன்பரோ வெறுந் தண்ணீரை ஊற்றி வந்தார். இதற்கு வெள்ளைக்காரன் என்ன செய்வான்?

இனிப் பிரேக்கிற்கு வருவோம். சாக்கடையில் முடிந்த கதை அதுதான். டிபரன்சியல் பெட்டியின் இரு பக்கத்தும் எண்ணெய் வெளிவராமல் தடுக்கும் சீல்கள் உள்ளன. பக்கத்திலிருக்கும் பிரேக்கின் சூட்டில் அவை காலப்போக்கில் கருகும். கருகினால் எண்ணெய் ஒழுகும். ஒழுகும் எண்ணெய் பிரேக் தட்டின் மீதே படியும். எண்ணெய் பூசிய தட்டு சக்கரத்தைப் பிடிக்குமா? பின் பிரேக் இரண்டும் இவ்வாறு பெயருக்கு இருக்க, வண்டியின் பாரம் முழுவதையும் முன் பிரேக்குகளே தாங்கின. அன்றியும், பிரேக் குழாயில் ஓடும் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. உறிஞ்ச உறிஞ்ச அதன் கொதிநிலை தாழும். ஈரம் மிகுந்த நம் நாட்டில் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையேனும் அதை மாற்றுவது கடமை. இவ்வண்டியிலிருந்து வடித்த திரவத்தை ஒரு போத்தலில் வைத்திருந்தார்கள். கட்டன் காப்பியின் நிறம்.

மலைப் பாதையில் இறங்குகையில் நிகழ்ந்ததை இப்போது எவரும் உணரலாம். வண்டிக்கு மூன்றே கதியுடைய தானியங்கிப் பல்லிணைப்பு; தாழ்ந்த கதிக்கு மாற்றி இயந்திரத்தால் வேகத்தைக் கட்ட வேண்டும் என்பதை அன்பர் அறியார். வளைவுக்கு வளைவு பிரேக்கையே மிதித்தார். முன் தட்டுகள் பழுக்கக் காய்ந்தன. பழந் திரவம் கொதித்து ஆவியாயிற்று. மிதிகட்டை தடையின்றித் தரைக்குப் போயிற்று. மந்திரமுமில்லை, வண்டியின் சூதுமில்லை. மலை ஏறுவதற்கு இரண்டு மாதம் முன்னரே அம்மூத்த தொழிலாளி, "பின் அச்சுக் கூண்டை முழுதாக இறக்கி, சீலும் தட்டும் மாற்ற வேண்டும், மூன்று நாள் வேலை" என்று சொல்லியிருந்தார். கூண்டை இறக்காமல் செய்ய வழியில்லையா என்று அன்பர் பேரம் பேசினார். முன் பிரேக் கட்டைகளை மட்டும் மாற்றச் சொன்னார். மிச்சப்பட்ட பணத்தில் சக்கரங்களுக்கு மெருகு ஏற்றினாராம். அந்த மெருகை நாமும் கண்டோம், முகம் பார்க்கலாம்.

அச்சாக்கடை அவ்விடத்தில் இல்லாதிருந்தால்? அவ்வளைவில் பழக்கடைகளும், அவற்றின் முன் நிற்கும் மக்களும் இருந்திருந்தால்? விருந்தில் சிரித்தவர்களை இதைத்தான் கேட்க விரும்புகிறோம். தன் பணம், தன் வண்டி, தன் உயிர் என்று பேசும் உரிமை அவருக்குத் தன் வீட்டு வாயிலோடு முடிகிறது.

டயரைப் பற்றியும் ஒரு சொல். பட்டை தேயவில்லையே, புதியது போல் இருக்கிறதே என்று பலர் ஏமாறுகிறார்கள். குறைவாக ஓடும் வண்டியின் டயர் தேயுமுன் முதுமை அடைகிறது. 2000-ஆம் ஆண்டு முதல் செய்யப்பட்ட டயர்களின் பக்கச் சுவரில் நான்கு இலக்கங்கள் உண்டு. முன்னிரண்டு வாரத்தையும் பின்னிரண்டு ஆண்டையும் குறிக்கும். குனிந்து படிப்பதற்குக் காசு வேண்டுவதில்லை. 2013 நவம்பர் 30-இல் கலிபோர்னியாவில் திரைப்பட நடிகர் பால் வாக்கரும் அவர் நண்பரும் போர்ஷே கரேரா ஜி.டி. வண்டியில் சென்று மாண்டனர். அளவு கடந்த வேகமே காரணம் என்று விசாரணையில் முடிவாயிற்று. அத்துடன், டயர்கள் ஒன்பது ஆண்டுப் பழமையுடையன என்பதும், அதனால் வண்டியின் கட்டுப்பாடு குறைந்திருக்கலாம் என்பதும் அவ்விசாரணையிலேயே எடுத்துக் காட்டப்பட்டன. செல்வமும் புகழும் உடையவர் ஏறிச் சென்ற வண்டியிலேயே இந்நிலை என்றால், பேரம் பேசி வாங்கியவர் வண்டியில் எப்படியிருக்கும்?

பட்டறைக்காரர் கொள்ளைக்காரர் என்னும் வசைக்கு வருவோம். மோசக்காரப் பட்டறைகள் இல்லையென்று நாம் சாதிக்கவில்லை. நோய் இன்னதென்று அறியாமல் ஒவ்வோர் உறுப்பாக மாற்றிப் பார்த்து, மாற்றிய ஒவ்வொன்றுக்கும் பணம் வாங்குவோர் உளர். பழைய உறுப்பையே துடைத்துப் போட்டுப் புதியதென்று கணக்கு எழுதுவோரும் உளர். அவர்களை வெளிப்படையாகக் கண்டிக்க வேண்டியதே. ஆனால் நம் அன்பர் அவர்களிடம் ஏமாந்தவரல்லர். நேர்மையானவனிடம் சென்று, அவன் சொன்ன நேர்மையான தொகையைக் கேட்டுக் கோபித்தவர்.

வைத்தியரிடம் சென்றால் அவர் கேட்பதைக் கைகட்டிக் கொடுக்கிறோம். வழக்கறிஞர் வாய் திறக்குமுன்பே கட்டணம் செலுத்துகிறோம். கையில் கறை படிந்தவனிடம் மட்டும் நமக்கு நாக்கு நீளுகிறது. அவன் படித்தவனல்லன் என்று ஓர் எண்ணம். படிப்பென்றால் என்ன? பன்னிரண்டில் எந்தச் சிலிண்டர் தவறுகிறதென்று காதால் கேட்டுச் சொல்வது படிப்பன்றா? துருவேறிய ஆணியை முறியாமல் எடுக்க எவ்வளவு சூடு காட்ட வேண்டும், எப்பொழுது நிறுத்த வேண்டும் என்று அறிவது எந்தப் பள்ளியில் கிடைக்கும்? இக்காலத்து வண்டிகளைக் கணிப்பொறியோடு இணைத்தால் அதுவே பழுதின் எண்ணைச் சொல்லிவிடும். 1986-ஆம் ஆண்டு வண்டி அப்படி வாய் திறந்து சொல்லாது. அதன் பேச்சு விளங்கும் மனிதர்கள் முதுமை அடைந்து வருகிறார்கள். அப்பட்டறையில் இளைஞன் ஒருவனையும் நாம் காணவில்லை. இரண்டு பையன்கள் வந்து, ஆளுக்குச் சில மாதம் இருந்து, போய்விட்டார்களாம். ஏன் தங்குவார்கள்? மூன்று நாள் கூண்டின் அடியிற் கிடந்தவனைத் திருடன் என்று வைதுவிட்டுப் போகும் முதலாளியைக் கண்ணாரக் கண்டபின், எந்தத் தாய் தன் மகனை அத்தொழிலுக்கு அனுப்புவாள்?

இவரினும் வேறு ஒரு வகையார் உளர்; அவர்களையும் தொட்டுவிட்டுப் போவோம். 2022-இல் 1955-ஆம் ஆண்டு மெர்சிடிஸ் 300 எஸ்.எல்.ஆர். வண்டி ஒன்று 135 மில்லியன் யூரோவுக்கு விலைபோன செய்தியைப் படித்த நாள் முதல், பழைய வண்டி என்றாலே புதையல் என்று சிலர் கனவு காண்கிறார்கள். வாங்கிய வண்டியைப் போர்வையால் மூடி, குளிரூட்டிய அறையில் பூட்டி, ஓட்டினால் மதிப்புக் குறையும் என்று காவல் காக்கிறார்கள். சிங்கப்பூரில் 1990 முதல் வண்டிக்கு உரிமைச் சான்று பெற வேண்டும். அதன் ஆயுள் பத்தாண்டு. 35 ஆண்டு கடந்த வண்டிகளுக்கு ஆண்டில் சில நாட்கள் மட்டும் ஓட இசைவளிக்கும் திட்டமும் உண்டு. அங்குள்ளோர் குறைவாக ஓட்டுவது சட்டத்தின் பொருட்டு. அவரை நாம் குறை கூறோம். தடையேதுமின்றிப் பூட்டி வைப்பவருக்கே சொல்லுகிறோம்: நின்ற வண்டியின் பெட்ரோல் பிசினாகிக் குழல்களை அடைக்கும், சீல்கள் உலரும், பிரேக் உருளைகள் துருப்பிடித்து இறுகும், தோல் இருக்கையில் பூஞ்சை படரும். ஐந்தாண்டு பூட்டிய வண்டியை விற்கப் போகும் நாளில், வாங்க வருபவர் முதலில் கேட்பது அதன் பழுதுபார்த்த கணக்கைத்தான்.

அப்படியானால் பழைய வண்டியை எவருமே வாங்கலாகாதா? வாங்கலாம், விரும்பி வாங்குவோரை நாம் போற்றுகிறோம். நல்ல பொருளை எறியாமல் காப்பது சிறந்த செயல். ஆண்டுக்கொரு புது வண்டி வாங்கிக் கடனில் மூழ்குவதினும் எவ்வளவோ மேல். ஆனால் வாங்குமுன் அவ்வகை வண்டியை அறிந்த தொழிலாளியை அழைத்துச் சென்று, அவருக்கு அந்த நாளின் கூலியைக் கொடுத்து, வண்டியை உயர்த்திக் காட்டச் சொல்லுங்கள். முன் சட்டம் பொருந்தும் இடத்திலும், பின் கைகள் பொருந்தும் இடத்திலும் துரு இருக்கிறதா என்று அவர் குத்திப் பார்க்கட்டும். விற்பவன் தடுத்தால் அங்கேயே திரும்பி விடுங்கள். வண்டியின் விலையிற் பாதியைத் தனியே வைத்திருக்க இயலாதவர், ஐயா, அதை வாங்கவே வேண்டா. நான்கு சிலிண்டர் வண்டியில் போவது இழிவன்று.

நாம் புறப்படுகையில் அவ்வண்டி பட்டறையின் பின்புறத்தில் மரக் கட்டைகளின் மேல் நின்றது. பின் அச்சுக் கூண்டு பழுது தீர்ந்து, புதிய சீலும் தட்டும் பூண்டு, பக்கத்தில் ஒரு சாக்கின் மேல் இருந்தது. உறுப்புகளின் விலையைத் தொழிலாளி தம் கைப்பணத்திலிருந்து கொடுத்து வாங்கியிருக்கிறார். அன்பர் கணக்கைப் பார்த்துச் சீறிப் போனவர் திரும்பி வரவில்லை. வண்டியை உள்ளபடியே விற்றுத் தர ஒரு தரகரை மட்டும் அனுப்பியிருக்கிறார். "கூண்டை ஏற்றிவிடட்டுமா என்று கேட்டேன் ஐயா, தரகர் பதில் சொல்லவில்லை" என்றார் அவர். அந்த மூன்று நாட் கூலி இதை எழுதும் வரை அவருக்கு வந்து சேரவில்லை.